எண்ணூறு கிலோமீட்டர்

திருமயம் தாண்டி மூன்றாம் கியரில் அழுத்தி மிதித்தேன்.
முள் ஐயாயிரத்துக்கு எகிறியது.
வண்டி எகிறவில்லை.
எஞ்சின் எதையோ கத்திச் சொல்ல
சக்கரத்தின் காதில் விழாத மாதிரி.
பிறகு அந்த வாடை,
கருகிய முடியும் கருகிய அப்பளமும் பாதிப் பாதி.

கழனிவாசல் பட்டறையில் தாவூது
பானெட்டைத் திறக்கவே இல்லை.
முகர்ந்து பார்த்தே சொன்னான்:
"கிளட்ச் வழுக்குது. வழுக்காம என்ன செய்யும்?
கம்பெனிக்காரன் நூத்தம்பது குதிரைக்குக் கட்டுன லாயத்துல
முந்நூறை அடைச்சா?"
டர்போவை மாற்றிக் கொடுத்ததே அவன்தான்.
அதை நான் சொல்லவில்லை.

சிமெண்டுத் தரையில் இரண்டு தட்டுகளை வைத்தான்.
ஒன்று செராமிக்: ஆறு வில்லைகள்,
பூ மாதிரி, கடிக்கிற பூ.
அறுநூறு நியூட்டன் மீட்டர் தாங்குமாம்.
பிடித்தால் பிடித்ததுதான்,
நடுவில் பேச்சே கிடையாது.
மற்றது ஆர்கானிக்.
வட்டமாய், பழுப்பாய், கடலைமிட்டாய் நிறத்தில்;
முதுகில் மட்டும் கனத்த பிரஷர் பிளேட்.
நானூற்றைம்பது வரை சத்தியம் செய்கிறது.
என் எஞ்சின் நானூற்றுப் பத்து.
"இடைவெளி நாப்பதுதானே" என்றேன்.
"உன் சம்பளத்துல மாசக் கடைசியில
அவ்வளவு மிஞ்சுதா?" என்றான்.

எண் பெரிதாக இருப்பதில் எனக்கொரு சபலம் உண்டு.
எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்தால் புரியும்:
முன்வாசல் ஒரு தெருவில்,
பின்வாசல் அடுத்த தெருவில்,
நடுவே மூன்று பேர்.

செராமிக் என்றேன்.

தாவூது ஒரு சாவியை எறிந்தான்.
புதுவயல் ரைஸ்மில் சொக்கநாதனின் வண்டி,
அதே தட்டு போட்டது.
"சந்தைக்குப் போயி
ஒரு முட்டைக்கோசு வாங்கிட்டு வா."

திங்கட்கிழமை. காரைக்குடிச் சந்தை.
பெடல் என் இடது காலோடு மல்லுக்கு நின்றது.
பேருந்து நிலைய முனையில் முதல் தடவை அணைந்தது.
கிளப்பினேன்.
நகரவில்லை, துள்ளியது,
விக்கல் எடுத்தவன் மாதிரி நாலு உதறல்.
வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்
மூட்டையோடு தள்ளி நின்றார்.
ரயில்வே கேட்டின் ஏற்றத்தில்
மினிபஸ் பின்னாலிருந்து ஹாரன் அடிக்க,
பாதிப் பிடி என்று ஒன்று எனக்குத் தேவைப்பட்டது,
கொஞ்சம் விட்டு, கொஞ்சம் பிடித்து,
ஒரு விரல் அளவு.
அந்தத் தட்டுக்கு 'ஆம்' தெரியும், 'இல்லை' தெரியும்.
'இருங்க, பார்ப்போம்' தெரியாது.
நானோ வாழ்க்கையில் முக்கால்வாசியை
'இருங்க, பார்ப்போம்' சொல்லியே ஓட்டுகிறவள்.
நகைக்கடன் பிரிவு, இரண்டாவது கவுண்டர்.

முட்டைக்கோசு வாங்கவில்லை.
முழங்கால் நடுங்க சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.
தாவூது ஒன்றும் சொல்லவில்லை, கெட்டிக்காரன்.
ஆர்கானிக் பெட்டியை ஏற்கெனவே பிரித்திருந்தான்.

கியர்பாக்ஸை இறக்கி ஏற்ற இரண்டு நாள்.
ஃப்ளைவீலில் நீலநீலமாய்ச் சூட்டுத் தழும்புகள்,
எல்லாம் நான் தந்தவை.
அதையும் மாற்றினோம்.
பணத்தைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

சாவி தரும்போது ஒரு நிபந்தனை:
"எண்ணூறு கிலோமீட்டர். ஊருக்குள்ளயே ஓட்டு.
முழுசா மிதிச்சிராத.
ரெண்டு முகமும் ஒண்ணுக்கொண்ணு தேஞ்சு பழகணும்."

ஆக மூன்று வாரமாக
முந்நூறு குதிரைகளை இருபதில் மேய்க்கிறேன்.
கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான்,
திரும்பக் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்.
முதல் கியர், இரண்டாம் கியர், கேட்,
முதல் கியர்.
கால் இப்போதெல்லாம் அந்த விரலளவை
கேட்காமலே கண்டுபிடிக்கிறது.

நேற்று எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்று.
மனசு கேட்காமல் திருமயம் சாலைக்குப் போனேன்.
மழை கழுவிவிட்ட தார், கண்ணெட்டும் வரை காலி.
கண்ணாடியில் ஒரு பொலிரோ பெரிதாகிக்கொண்டே வந்தது,
முதுகில் எட்டுப் பத்து ஆடுகள்.
ஹாரன் அடித்து முந்தியது.
அதில் ஓர் ஆடு
என்னையே பார்த்துக்கொண்டு போனது,
நெடுந்தூரம்.

இன்னும் ஏழு.